நகம் காட்டு

ஞாயிற்றுக்கிழமை என்றதும் மற்றவர்களுக்குக் கறிக்குழம்பு வாசம் நினைவுக்கு வரும். எனக்கு வருவது மண்ணெண்ணெய் வாசம், அதன் அடியில் மெல்லிசாக ஓடுகிற தையல் மெஷின் எண்ணெய் வாசம், பறிப்புக் காலமாக இருந்தால் அதற்கும் அடியில், களத்தில் காய்கிற காப்பிப் பழத்தின் புளித்த வாசம். தாண்டிக்குடியில் தாத்தாவின் தோட்டத்து வீட்டுத் திண்ணை அது. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலையேறி வருகிற பஸ் வளைவுக்கு வளைவு ஆரன் அடிப்பது அங்கே உட்கார்ந்திருந்தால் ரொம்ப நேரத்துக்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிடும். மேகம் இறங்கிய நாட்களில் பஸ் கண்ணுக்கே தெரியாது, சத்தம் மட்டும் சவுக்கு மரங்களுக்கு நடுவே நடந்து போகும். அந்தத் திண்ணையில் தாத்தா முதலில் ஒரு காப்பிச் சாக்கை விரிப்பார். அதன் மேல் துவைத்து மடித்த பழைய வேட்டி ஒன்று. சின்னத் திருகாணி உருண்டு போனால் வெள்ளையில்தான் கண்ணுக்குப் படும் என்பார். அப்புறம் உள்ளே போய்த் தேக்கு பீரோவைத் திறந்து, எண்ணெய்த் துணி சுற்றிய அந்த நீளப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து வருகிற மாதிரிதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் அதற்கு ஆளுக்கொரு பெயர். தோட்டத்து ஆட்கள் ‘மொதலாளி துப்பாக்கி’ என்பார்கள். அப்பத்தா ‘அந்தச் சனியன்’ என்பாள். தாத்தா மட்டும் ‘பிரவுனிங்’ என்பார், கூடப் படித்த ஆளின் பெயரைச் சொல்வதுபோல. ‘பிரவுனிங்கை எடுத்துட்டு வர்றேன், நீ போய்க் கை கழுவிட்டு வா’ என்று அவர் சொன்னதை வைத்து, பிரவுனிங் என்பவர் தாத்தாவின் வெள்ளைக்காரச் சிநேகிதர், தன் துப்பாக்கியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார், என்றைக்காவது திரும்பி வந்து கேட்பார் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் வரும்போது துருப்பிடித்திருந்தால் தாத்தா என்ன பதில் சொல்வார் என்ற கவலைகூட எனக்கு இருந்தது.

பிரவுனிங் நிஜமாகவே ஒரு மனிதர்தான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜான் மோசஸ் பிரவுனிங், 1855-ல் அமெரிக்காவின் யூட்டாவில் ஆக்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர். தான் வரைந்ததை எல்லாம் செய்துகொடுக்கிற தொழிற்சாலையைத் தேடிக் கடல் தாண்டி பெல்ஜியத்துக்குப் போய், அங்கே லியேஜ் நகரத்தை ஒட்டிய எஃப்.என். தொழிற்சாலைக்கு வந்திருந்தபோதே 1926-ல் இறந்துபோனார். அவர் வரைந்து, அந்தத் தொழிற்சாலை 1914 முதல் செய்து விற்றதுதான் எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் வகை, .22 அரைத் தானியங்கி ரைபிள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு பின்னால் உதைக்கிற உதையிலேயே போல்ட் பின்வாங்கி, கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்ததை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். இத்தனை வேலையும் ஒரு புளியங்கொட்டை கனமுள்ள சமாச்சாரத்தின் பலத்தில் நடப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பலம் அவ்வளவு கொஞ்சமாக இருப்பதால்தான் அழுக்கு கொஞ்சம் சேர்ந்தாலும் அது இடக்குப் பண்ணும். போல்ட் பாதி தூரம் போய் நின்றுகொள்ளும். தாத்தாவின் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் காரணம் அதுதான்.

கொடைக்கானலை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து, சுதந்திரத்துக்குப் பிறகு, தாத்தா அதை முறைப்படி வாங்கியிருந்தார். கூடவே ஒரு தோல் உறையும் வந்தது. உறை ரொம்ப அழகு, ஆனால் அதில் வைத்த முதல் மழைக்காலத்திலேயே தோல் பட்ட இடமெல்லாம் துரு கோடு போட்டுவிட்டதாம். பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். அதற்கப்புறம் அந்த உறையில் அப்பத்தா கொத்தமல்லி விதை போட்டு வைத்திருந்தாள்.

துப்பாக்கி இரண்டு துண்டாகக் கழலும். குழலுக்கு அடியில் ஒரு சின்னப் பிடி, போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தப் பிடியை முன்னால் தள்ளி லேசாகத் திருகினால், பெரியவர்கள் பனங்கிழங்கை ஒடிப்பதுபோல அலுங்காமல் பிரிந்து வந்துவிடும். குழல் 19 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மொத்த எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம், அப்பத்தாவின் ஆட்டுக்கல் குழவியைவிட லேசு. தோட்டா போவது கட்டைக்குள்ளே. கட்டையின் பின்முனையிலிருந்து ஒரு மெல்லிய குழாயை உருவிக்கொண்டு, பக்கவாட்டில் உள்ள ஓட்டையில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், டிக், டிக், டிக் என்று பதினொன்று. சுட்ட கூடு மற்றத் துப்பாக்கிகளில்போல வலது பக்கம் தெறிக்காது, நேராகக் கீழே விழும். சூட்டோடு சட்டைக் கைக்குள் போய்விடும் என்பதால் தாத்தா சுடுவதற்கு முன்னால் முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொள்வார். இரும்பில் பொடிப்பொடியாக முத்திரைகள் குத்தியிருக்கும். அதில் முட்டை மாதிரி ஒரு கட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து, தலையில் கிரீடம். லியேஜ் நகரத்தில் 1672-லிருந்து இருக்கிற சோதனைக்கூடத்தின் முத்திரை அது. இன்னொன்று அந்த நகரத்து நடுவில் நிற்கிற பெர்ரோன் என்ற தூணின் குட்டி உருவம். எனக்கு அது எங்கள் ஊர்ப் பாலமுருகன் கோயில் வேல் மாதிரியே இருந்தது, வெள்ளைக்காரனும் முருகன் பக்தன்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால்தான் ஊருக்கே தாண்டிக்குடி என்று பெயர் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். லியேஜுக்குத் தாண்டியிருக்க மாட்டாரா என்ன.

சரி, நகத்துக்கு வருகிறேன்.

குழலைத் தனியாகக் கழற்றியதும் தாத்தா அதைத் துடைக்கமாட்டார், எண்ணெய் போடமாட்டார். முதலில் பார்ப்பார். தேய்க்கிறதைவிடப் பார்க்கிறதுதான் பெரிய வேலை, தேய்ச்சே கெடுத்தவன்தான் ஜாஸ்தி என்பது அவர் கட்சி. உள்ளே வெளிச்சம் வேண்டுமே. டார்ச் அடித்தால் எதிரே இருக்கிற கண் கூசும், ஒன்றும் தெரியாது. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. திண்ணை விளிம்புக்கு என்னைக் கூப்பிட்டு, ‘நகம் காட்டு’ என்பார். தோட்டா நுழைகிற பின்பக்க வாயில் என் கட்டைவிரலைச் சாய்வாக வைத்துக்கொள்ள வேண்டும். வானத்து வெளிச்சம் நகத்தில் பட்டுத் திரும்பிக் குழலுக்குள் போகும். மறுமுனையில் தாத்தாவின் கண். ‘கொஞ்சம் சாய்... இன்னும் கொஞ்சம்... இந்தா, விடிஞ்சிருச்சு’ என்பார். அப்புறம் சத்தமே இருக்காது. குழலைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பேன். கொய்யா மரத்தில் மைனா கத்துவதும், அடுப்படியில் அப்பத்தா தாளிப்பதும், தாத்தாவின் மூச்சு குழல் வாயில் உரசி மெல்ல ஊதல்போல வருவதும் கேட்கும்.

கழற்றி வைத்த குழலில் மட்டும்தான் கண்ணை வைக்கலாம். மாட்டிய துப்பாக்கியின் வாயில், அது வெறுமையாக இருக்கிறது என்று சத்தியமே செய்தாலும் வைக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் தாத்தா ஒவ்வொரு ஞாயிறும் புதுசாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

தாத்தாவுக்கு உதவுகிற நகம் என்பதால் அந்த வலது கட்டைவிரலுக்கு நான் செய்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. சனிக்கிழமை ராத்திரியே புளி தொட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பேன். நகம் கடிக்கிற பழக்கத்தை அடித்தும் வேப்பெண்ணெய் தடவியும் நிறுத்த முடியாத அப்பத்தா, ஒன்பது விரல் கடித்துக் குதறியும் ஒரு விரல் கோயில் விளக்குபோலவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘ஏன்யா, இந்த ஒத்த வெரலு மட்டும் என்ன புண்ணியம் பண்ணுச்சு?’ என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சனியனுக்கா என்று திட்டுவாள்.

தாத்தா திருப்தியாகப் பார்த்து முடித்த பிறகு, என்னையும் பார்க்கச் சொல்லித் தன் நகத்தைக் காட்டுவார். முதல் தடவை பார்த்தபோது ஏற்பட்டதை எப்படிச் சொல்ல. இருட்டுக்குள் வெள்ளி நூல் ஒன்று சுற்றிக்கொண்டே தூரமாகப் போகிறது, அதன் பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. படிக்கட்டு வைத்த கிணற்றை மேலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி, அந்தக் கிணற்றின் அடியில் தாத்தாவின் நகம் நிலாபோலக் கிடந்தது. அந்த வரிகள்தான் தோட்டாவைப் பம்பரமாகச் சுழற்றி விடுகின்றன என்றார் தாத்தா. .22 குழலில் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் தோட்டா குழலைவிட்டு வெளியே வருவதற்குள் ஒரு சுற்றுக்குச் சற்றே கூடுதலாகத்தான் சுற்றுகிறது. சட்டியில் தாளிப்பைக் கரண்டியால் ஒருமுறை திருப்பிவிடுவதுபோல, அவ்வளவுதான். அந்த ஒரு திருப்பில் அது நேராகப் போகக் கற்றுக்கொள்கிறது.

நகம் படலாம், விரல் படக் கூடாது. இது இன்னொரு சட்டம். கை வேர்வை பட்டால் நீலமேற்றிய இரும்பில் இரண்டு நாளில் துரு முளைத்துவிடும். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் ஒருமுறை முறுக்குத் தின்ற கையோடு தொட்டுவிட்டேன். மேகம் மூடிய கார்த்திகை மாதம். அடுத்த ஞாயிறு துணியைப் பிரித்தபோது போல்ட் பெட்டியின் இடது பக்கத்தில், ரேகை ரேகையாக, சின்னதாக, ஒரு கட்டைவிரல் செம்பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. தாத்தா என் விரலைப் பிடித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ‘கையெழுத்துப் போட்டுட்டியே’ என்றார், அவ்வளவுதான். எண்ணெய் தொட்டு ஒரு பழைய செம்புக் காசின் விளிம்பால் பொறுமையாகச் சுரண்டினார். செம்பு இரும்பைவிட மெத்து, துருவை எடுக்கும், இரும்பைக் கீறாது. துரு போய்விட்டது, அதன் தடம் முழுசாகப் போகவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் இப்போதும் தெரியும்.

தோட்டத்துக் காவலுக்கு இருந்தவரைப் பட்டாளத்தார் என்போம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் காக்கி அரைக்கால் சட்டையுமாக ஞாயிறு காலையில் திண்ணைக்குக் கீழே வந்து நின்றுகொள்வார். துடைக்கிற துணித்துண்டை அவர் ‘சிந்தி’ என்பார், பட்டாளத்துச் சொல். கிழிந்த பனியனை ஸ்டாம்பு அளவில் சதுரம் சதுரமாக வெட்டிச் சிந்தி தயார் பண்ணுவது என் வேலை. பட்டாளத்தாருக்கும் தாத்தாவுக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கயிற்றின் நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய ‘புல்த்ரூ’வைக் குழலுக்குள் விட்டு, மறுமுனையில் வெளியே இழுப்பது பட்டாளத்து முறை. தாத்தா அதைத் தொடவிடமாட்டார். அழுக்குக் கயிறு சாய்ந்து சாய்ந்து உரசினால் குழலின் வாய் விளிம்பு தேய்ந்துபோகும், தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது, அங்கே ஒரு மயிரிழை கோணினாலும் குறி போய்விடும் என்பார். அவரிடம் ஒரு கம்பி இருந்தது. அதை எப்போதும் பின்பக்கமாக விட்டுத்தான் தள்ளுவார். பிரவுனிங்கின் குழல் தனியாகக் கழன்று வருவதால் அது சுலபம். ‘மொதலாளி, பட்டாளத்துல அத்தன பேரும் இப்படித்தான இழுத்தோம்’ என்பார் பட்டாளத்தார். ‘அது சர்க்கார் துப்பாக்கிப்பா, தேஞ்சா இன்னொண்ணு குடுப்பான். எனக்கு யாரு குடுப்பா?’ என்பார் தாத்தா. இந்தப் பேச்சை நான் அறிய நூறு தடவையாவது பேசியிருப்பார்கள். ஒருவருக்கொருவர் நலம் விசாரிக்கிற விதம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

இருவரும் ஒத்துப்போன விஷயம் வெந்நீர். சுட்ட நாளில் குழலுக்குள் கொதிக்கிற வெந்நீரை ஊற்றியாக வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை ஒரு துணியில் பிடித்து நிறுத்த, மூக்குக் கெண்டியில் தாத்தா ஊற்றுவார். இரும்பு சூடேறி, ஊற்றிய தண்ணீர் தானாகவே ஆவியாகிக் காய்ந்துவிடும். பழைய காலத்துத் தோட்டாக்களின் பற்றவைக்கிற மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்த பின் ஒரு வகை உப்பாகக் குழலில் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் துருவைக் கிளப்பும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அந்த மருந்து 1920-களின் கடைசியிலிருந்தே மாற ஆரம்பித்துவிட்டது, தாத்தா வாங்கிய தோட்டாக்களுக்கு வெந்நீர் தேவையே இருந்திருக்காது. ஆனால் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பழைய மருந்தோடு வாழ்ந்தவர்கள். கெண்டி அப்பத்தாவின் கல்யாணச் சீர். அதைத் துப்பாக்கிக்கு எடுத்தால் அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் என் வழியாகத்தான் பேசுவாள், ‘ஏய்யா, உங்க தாத்தாவுக்கு இன்னும் ரசம் வேணுமான்னு கேளு.’

அந்த அப்பத்தாதான் ஒருநாள் பிரவுனிங்கைக் காப்பாற்றினாள். போல்ட்டைக் கழற்றும்போது அதன் சுருள்வில்லை விரலால் அமுக்கிக்கொண்டே எடுக்க வேண்டும். அன்றைக்குத் தாத்தாவின் விரலில் எண்ணெய் இருந்தது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். வில் திண்ணையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, களத்தில் பரப்பியிருந்த காப்பிப் பழத்துக்குள் எங்கேயோ போய் விழுந்துவிட்டது. ஒரு களம் நிறையச் செவ்வென்று பழம். தாத்தா படியில் உட்கார்ந்துவிட்டார். மதுரையில் கிடைக்காது, பெல்ஜியத்துக்கு யார் எழுதுவது. பட்டாளத்தார் முழங்காலில் தேட, நான் காந்தத்தை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு நடக்க, அப்பத்தா கொஞ்ச நேரம் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு சொளகோடு இறங்கினாள். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சொளகு சொளகாக அள்ளிப் புடைத்தாள். பழம் மேலே எழும்பி விழும் சலசலப்புக்கு நடுவே, பொழுது சாய்கிற நேரத்தில், இரும்பு மூங்கிலில் தட்டுகிற அந்தச் சத்தம் வந்தது. இரண்டு விரலால் வில்லைத் தூக்கிப் பார்த்தாள். ‘கொலுசுக் கம்பி மாதிரி இருக்கு. இதுக்கா இந்த அழுகை?’ என்று நேராகவே தாத்தாவிடம் கேட்டாள். அன்றைக்கு என் வழியாகப் பேசவில்லை.

சுட்டது எப்போது என்று நீங்கள் கேட்பீர்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள். முன்காலத்தில் தாத்தா காட்டுக்கோழி சுட்டிருக்கிறார், அப்பத்தாவின் குழம்பை அவர் விவரித்துக் கேட்டிருக்கிறேன். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து அந்தத் துப்பாக்கியால் ஓர் உயிர் போனதில்லை. பன்றி விரட்டவும் அது உதவாது, அதன் சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவது போலத்தான். பன்றிக்குத் தகர டப்பாதான். ஆயுத பூஜையன்று கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, காப்பிப் பழம் உரிக்கிற மெஷின், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றோடும் பிரவுனிங்கும் சாமி முன்னால் இருக்கும். சந்தனம் இரும்பில் படாமல் கட்டையில் மட்டும் ஒரு பொட்டு. மறுநாள் விஜயதசமி. வீட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேட்டில் பால் டின் மூடிகளைக் குச்சியில் செருகி வைத்து, தாத்தா பதினொரு தோட்டா சுடுவார். அவ்வளவுதான் வருஷ வேலை. மண்மேடு இல்லாமல் சுடவே மாட்டார். தோட்டாப் பெட்டியில் ஒரு மைல் தூரம் வரை ஆபத்து என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், அதை எனக்குப் படித்துக்காட்டுவார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் என்றால் பஸ் நிற்கிற டீக்கடை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான அந்த ஈயம் டீக்கடை வரைக்கும் போகும் என்பது எனக்கு ராத்திரித் தூக்கத்தில்கூட வந்திருக்கிறது. சுட்ட கூடுகள் எனக்கு. உதட்டோரம் வைத்து ஊதினால் குருவிபோல விசில் வரும். ஒரு கூட்டுக்கு நாலு கோலிக்குண்டு என்பது பள்ளிக்கூடத்தில் நிலவரம்.

ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வந்த விஜயதசமியை மட்டும் நான் மறக்க முடியாது. குழாயில் பதினொன்று போட்டாயிற்று, டிக், டிக். தாத்தா போல்ட்டை இழுத்துவிட்டார். முதல் தோட்டா உள்ளே போய் முழுசாக உட்காராமல் நின்றது. எடுத்துவிட்டு இன்னொன்று. அதுவும் அப்படியே. அவர் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணி வைத்துவிட்டு, குழலைக் கழற்றினார். ‘நகம் காட்டு.’ என் கை நடுங்கியது. காரணம் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஏலக்காய் வியாபாரி வந்தான் என்று தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து போன கால் மணி நேரத்தில், தோட்டா இல்லாத பிரவுனிங்கால் நான் கொய்யா மரத்துக் காக்கையை, பஸ்ஸை, மேகத்தை, பட்டாளத்தாரின் கோவணக்கொடியை எல்லாம் சுட்டிருந்தேன். போல்ட்டை இழு, விசையை அமுக்கு, டக். இழு, அமுக்கு, டக். அந்தச் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. இருபது முப்பது தடவை இருக்கும்.

மற்றத் தோட்டாக்களுக்குப் பற்றவைக்கிற மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். .22-க்கு அது விளிம்பில், சோமாசின் ஓரத்து மடிப்புக்குள் பூரணம் போய் மாட்டிக்கொள்கிற மாதிரி, மடித்த பித்தளைக்குள் இருக்கும். அடிக்கிற ஊசி அந்த விளிம்பைக் குழலின் ஓரத்தோடு வைத்து நசுக்க வேண்டும். தோட்டா இல்லையென்றால் நடுவில் மெத்தை இல்லை, ஊசி நேராகக் குழலின் விளிம்பையே போய்க் கொத்தும். கொத்திக் கொத்தி அங்கே ஒரு பள்ளம் விழுந்து, பிதுங்கின இரும்பு உள்பக்கம் ஒரு பொடி முள்ளாக நீட்டிக்கொண்டுவிட்டது. நகத்து வெளிச்சத்தில் தாத்தா அதைத்தான் பார்த்தார்.

நான் அழுதேன். பட்டாளத்தார் மெதுவாக நகர்ந்து போய்விட்டார். தாத்தா என்னை அடிக்கவில்லை, குழலை மடியில் வைத்துக்கொண்டு, ‘எத்தன தடவை?’ என்று மட்டும் கேட்டார். முப்பது என்றேன். ‘முப்பது வருஷம் சுட்டாலும் இது ஆகாதுடா’ என்றார். டின் மூடிகள் வெயிலில் மின்னிக்கொண்டு மண்மேட்டில் அப்படியே நின்றன. அப்பத்தா வந்து என்னைக் கூட்டிப்போய்ச் சுண்டல் கொடுத்தாள், அது தொண்டையில் இறங்கவில்லை.

மதுரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, 1985-ல்தான் ஆனது, லைசென்ஸ் புதுப்பிக்கவும் மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குத்தான் போவோம். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற ஒரு வயசாளி அரத்தைத் தொடவே இல்லை. அராவினால் இரும்பு போய்விடும், போனது வராது என்றார். உருண்டையாக, வழவழப்பாக, நுனி சிறுத்த ஓர் எஃகுக் கம்பியை எண்ணெய் தொட்டுக் குழலின் பின்வாயில் விட்டு, பிதுங்கினதை அது வந்த இடத்துக்கே அமுக்கி அமுக்கித் திருப்பி அனுப்பினார். அரை மணி நேரம். முடித்துவிட்டுத் தாத்தாவிடம் நீட்ட, தாத்தா கடை வாசலுக்கு வந்து, மாசி வீதி நெரிசலுக்கு நடுவில், என் பக்கம் திரும்பினார். கேட்கப்போகிறாரா மாட்டாரா என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ‘நகம் காட்டு’ என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அதற்கப்புறம் வந்த எந்தப் பரீட்சை முடிவோடும் ஒப்பிட முடியவில்லை. ஜிகர்தண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

தாத்தாவுக்குப் பிறகு அப்பா பெயருக்கு மாறி, அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. அப்பா காலத்தில் ஒரு தேர்தலின்போது போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கியபோது, ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் மஞ்சள்பொடி தூவினாற்போலத் துரு பூத்திருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் செம்புக் காசைத் தேடி எடுத்தார். இப்போதெல்லாம் ஒப்படைக்கப் போகும்போது நானே எண்ணெய்த் துணியைப் புதுசாகச் சுற்றி, கட்டி, முடிச்சுப் போட்டுத்தான் கொடுக்கிறேன். குழலும் உடலும் சேர்கிற இடத்தில் பல் பல்லாக வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. காலப்போக்கில் கழுத்து ஆட ஆரம்பித்தால் அதை ஒரு பல் திருப்பி இறுக்கிக்கொள்ள பிரவுனிங் வைத்த ஏற்பாடு. தாத்தா ஒரு பல் நகர்த்தினார், பட்டாளத்தார் குழலைப் பிடித்துக்கொள்ள. அப்பா ஒரு பல். நான் போன வருஷம் ஒன்று. இன்னும் பல் பாக்கி இருக்கிறது.

இந்த மே மாதம் பேத்தி வந்திருந்தாள், இரண்டாம் வகுப்பு முடித்தவள். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் சாக்கு விரித்து வேட்டி விரித்தேன். என் நகம் இப்போது தடித்து, பழுப்பேறி, காப்பிக்கொட்டைத் தோல்போல ஆகிவிட்டது. வெளிச்சத்தை வாங்குகிறது, திருப்பித் தருவதில்லை. கூப்பிட்டேன். கை நிறைய மருதாணி வைத்துச் சிவந்த நகம், ஓரங்களில் புது வெள்ளை முளைத்திருந்தது. எப்படிச் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்று காட்டிவிட்டு மறுமுனையில் கண்ணை வைத்தேன். குழலுக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆரஞ்சு நிறத்தில் வரிகள் சுற்றிக்கொண்டு போயின, பறிக்காமல் விட்ட காப்பிப் பழத்தின் மேல் சாயங்கால வெயில் படுகிற நிறம். முள் இல்லை, துரு இல்லை. நான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன்போல, அவள் காலை மாற்றி மாற்றி நின்றாள்.

‘நானும் பாக்கட்டா தாத்தா?’

கழற்றிய குழலில் மட்டும்தான் கண் வைக்கலாம் என்பதைச் சொல்லிவிட்டு, அவள் கையில் அதைக் கொடுத்து, பின்பக்கம் என் கட்டைவிரலை வைத்தேன். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, உள்ளே பார்த்தாள்.

‘மங்கலா இருக்கு’ என்றாள். ‘போய்க் கையக் கழுவிட்டு வாங்க.’